யாழினிக்கு எதுக்கு தனி ரூம்?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பாலக்கோடு பக்கம். வயசு 23. ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை. பதிமூணுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் இருக்கற பசங்களுக்காக ஒரு நாவல் எழுதி முடிச்சிருக்கேன், முதல் மூணு அத்தியாயத்த இதோட அனுப்பறேன். எனக்கு இன்ஸ்பிரேஷன்னா இங்கிலீஷ் யங் அடல்ட் நாவலும் கொரியன் சீரியலும்தான். நம்ம பக்கம் ஒகேனக்கல், அதியமான் நெல்லிக்கனி, இத விட்டா எழுத என்னக்கா இருக்கு? நீங்க இன்ஸ்பிரேஷன எங்க தேடுவீங்க? ஷிப்ட் வேலைக்கு நடுவுல தினமும் எப்படி எழுதறது? 23ல ஆரம்பிச்சது லேட்டா? ஒரு பதிப்பகத்துல பணம் கட்டினா போடறோம்ங்கறாங்க, புக்கு பின்னட்டைல போடற அடையாள நம்பர், அந்த ஐஎஸ்பிஎன் நம்பருக்கு தனியா வேற கேக்கறாங்க. கட்டலாமா?

ச.

கண்ணு,

சின்ன சங்கதிய எல்லாம் முதல்ல முடிச்சிடறேன். பணம் கட்டாத. இந்தியால ஐஎஸ்பிஎன் இலவசம், அரசாங்கமே குடுக்குது, அதுக்கே காசு கேக்கறவங்க மத்ததுக்கு என்ன கணக்கு காட்டுவாங்கன்னு நீயே யோசிச்சுக்க. 23 லேட்டான்னா, சாகித்ய அகாடமி 2011ல இருந்து இளம் எழுத்தாளர்களுக்குக் குடுக்கற யுவ புரஸ்கார் விருதுக்கு 35 வரைக்கும் இளைஞர்தான், போய் வேலையப் பாரு.

இப்ப நாவலுக்கு வரேன். மூணு அத்தியாயமும் ஒரே மூச்சுல படிச்சேன். பேச்சு உனக்கு நல்லா வருது. அம்மாவும் உன் கதாநாயகி யாழினியும் சண்டை போடறப்ப "சோத்த தின்னுட்டு வந்து சண்ட போடு, ஆறிப் போவுது"ன்னு அந்தம்மா சொல்றா பாரு, அது அசல். அந்த வரிக்காகத்தான் உனக்கு இவ்ளோ நீளமா எழுதிட்டு இருக்கேன். ஆனா அதுக்கு அடுத்த பாராவுல யாழினி என்ன பண்றா? மாடிக்கு ஓடறா, அவ ரூமுக்குள்ள போறா, கதவ டமார்னு சாத்தறா, கட்டில்ல குப்புற விழுந்து அழறா, சுவத்துல போஸ்டரு, ஜன்னல்ல மழை.

ஏன்டி, அவங்கப்பா தக்காளி மண்டில கணக்கு எழுதறவருன்னு முதல் பக்கத்துல நீதானே எழுதின? எந்த ஊரு மண்டி கணக்குப்புள்ள பத்தாவது படிக்கற பொண்ணுக்கு மாடில தனி ரூம் கட்டிக் குடுத்தாரு? உங்க வீட்ல உனக்கு இருந்துச்சா? அந்த ரூம் நீ படிச்ச இங்கிலீஷ் புக்குல இருந்து வந்திருக்கு, ரூம் வந்தா கூடவே கட்டில் வரும், போஸ்டர் வரும், நடுராத்திரி ஜன்னல் வழியா குதிச்சு ஓடற சீன் வரும், கடைசில பாலக்கோடுங்கற பேரு மட்டும்தான் உன்னோடது.

எதார்த்தமா எழுதுன்னு பாடம் எடுக்கறதா நினைக்காத. டிராகன் வேணுமா, தாராளமா வையி, தொப்பூர் கணவாய்ல லாரிங்க மேல பறக்கட்டும், நான் நம்பறேன். அந்தத் தனி ரூமதான் என்னால நம்ப முடியல.

அந்த இங்கிலீஷ் நாவல்களுக்கே முன்னோடின்னு சொல்ற 'தி அவுட்சைடர்ஸ்' இருக்கே, 1967ல வந்தது, எஸ். இ. ஹின்டன் அத எழுத ஆரம்பிச்சப்ப பதினஞ்சு வயசு, புக்கு வந்தப்ப பதினெட்டு. தன் பள்ளிக்கூடத்துல கண்ணு முன்னாடி அடிச்சுக்கிட்ட பசங்கள வச்சு எழுதினா. அதுல வர பையன் எங்க தூங்கறான் தெரியுமா? அண்ணன் கூட ஒரே கட்டில்ல. அப்பா அம்மா இல்ல, மூத்தவன் வேலைக்குப் போய் ரெண்டு தம்பிங்களயும் பாத்துக்கறான், வீட்ல கோவம் வந்தா அந்தப் பையன் தெருவுக்குத்தான் ஓடணும், கதையே அங்கருந்துதான் கிளம்புது. இங்கிலீஷ்தான் உனக்கு இன்ஸ்பிரேஷன்னா அதையாவது ஒழுங்கா எடுத்திருக்கலாம்ல?

இந்தத் தனி ரூம் சங்கதி கொஞ்ச நாளா என் மண்டைல ஓடிட்டே இருக்கு. காரிமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல பேசக் கூப்பிட்டிருந்தாங்க, பேசி முடிச்சதும் ஒன்பதாவது பொண்ணு ஒருத்தி கிட்ட வந்து மெதுவா "மேடம், நீங்க டைரிய எங்க ஒளிச்சு வைப்பீங்க?"ன்னு கேட்டா. எங்க வைக்கறதுன்னு எனக்கு சட்டுனு சொல்லத் தெரியல, நீ எங்க வைக்கறேன்னு திருப்பிக் கேட்டேன். தவுட்டு மூட்டைக்குப் பின்னாடியாம், மாட்டுக்கு அவதான் தவுடு கலக்கறாளாம், வேற யாரும் அந்தப் பக்கம் வர மாட்டாங்களாம். ஒரு நாவலுக்கு வேண்டியத ரெண்டு வாக்கியத்துல சொல்லிட்டு போயிட்டா அந்தப் புள்ள.

எங்க வீட்லயும் ஒரே ரூம்தான். மாசி பங்குனில அதுவும் எங்களுக்கு இல்ல, புளிக்குதான். யாவாரி மூட்டை மூட்டையா இறக்கிட்டுப் போவாரு, அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்காங்க எல்லாம் வட்டமா உக்காந்து ஓடு உடைச்சு, நாரு உருவி, கொட்டைய தட்டி எடுப்பாங்க, கிலோவுக்கு இவ்ளோன்னு கூலி. பப்ளிக் பரீட்சையும் அதே மாசத்துலதான் வந்து தொலையும். நான் மூட்டை மேல சாஞ்சு ஒரு கைல வரலாறு புக்கு, புக்குக்குள்ள ராணி காமிக்ஸ், இன்னொரு கை கொட்டை எடுக்கும். விரலெல்லாம் பிசுபிசுன்னு கருப்பா இருக்கும், பக்கத்தப் புரட்டினா ஒட்டிக்கும், நகக்கண்ணுல புளி ஏறி அப்படி எரியும். கொஞ்ச நேரத்துல நான் அங்க இருக்கறதே அவங்களுக்கு மறந்துடும். அப்பதான் நெசமான பேச்சு ஆரம்பிக்கும். யாரு யாருகிட்ட வட்டிக்கு வாங்கினா, எந்த வீட்ல அடி, யாரு திரும்பி வந்துட்டா. என் அத்தை பொண்ணுக்கு பரீட்சை முடிஞ்ச கையோட கல்யாணம்ங்கறது அவளுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். அவ வாசல்ல உக்காந்து கணக்கு போட்டுட்டு இருந்தா, உள்ள பெரியவங்க நகை எத்தன பவுனுன்னு பேசிட்டு இருந்தாங்க, நான் நடுவுல. சொல்றதா வேணாமா? எனக்கு ஒரு ரூம் இருந்திருந்தா அன்னிக்கு கதவ சாத்திட்டு காமிக்ஸ் படிச்சிருப்பேன், இன்னிக்கு எழுத ஒரு மண்ணும் இருந்திருக்காது.

அதனால யாழினிய அந்த ரூமுக்குள்ள இருந்து வெளிய இழுத்துட்டு வா. கோவம் வந்துச்சு, அழணும், வீட்ல ஆளு. எங்க போவா? மொட்டை மாடின்னா எதிர் வீட்டு ஆயா பாத்துரும். மாந்தோப்புன்னா காவக்காரரு அப்பாவுக்குத் தெரிஞ்சவரு. கிணத்துப் பக்கம் போனா ஊரே அலறிட்டு ஓடி வரும். பஸ்? நான் படிக்கறப்ப பஸ் ஏறணும்னா காசு கேக்கணும், காசு கேட்டா எதுக்குன்னு சொல்லணும், சொல்ல முடியாத இடத்துக்கு போகவே முடியாது. 2021ல இருந்து டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட்டுக்கு காசு இல்ல, உன் யாழினி யாருகிட்டயும் கையேந்தாம ஏறி ஜன்னல் ஓரமா உக்காந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் அழுதுட்டே போயிட்டு அதே பஸ்ல திரும்பி வரலாம். கண்டக்டர் பாப்பாரு. ஊர்க்காரங்க யாராவது பாப்பாங்க. வீட்டுக்கு வரதுக்குள்ள சேதி வந்துடும். எத்தன அத்தியாயம் இருக்கு இதுல! நீ என்னடான்னா ஒகேனக்கல் நெல்லிக்கனிங்கற. அதியமான விடு, அவருக்கு சங்க காலத்துலயே அவ்வையார் கிடைச்சாச்சு.

ஷிப்ட் பத்தி கேட்டல்ல. நைட் ஷிப்ட் வாரம் எழுதவே எழுதாத, தூங்கு. தினமும் எழுதியே ஆகணும்னு எவனோ வீடியோல சொல்றத கேட்டு உடம்பக் கெடுத்துக்காத. கம்பெனி பஸ்ல போறப்ப வரப்ப காதுல இருக்கற இயர்போன மட்டும் கழட்டி வையி, முன் சீட்ல தேன்கனிக்கோட்டை பொண்ணுங்க சம்பளத்துல எவ்ளோ வீட்டுக்கு அனுப்பறாங்க, எவ்ளோ மறைக்கறாங்கன்னு பேசிட்டு வருவாங்க. அந்த மறைக்கற காசு எங்க இருக்குன்னு காதுல விழுந்தா எனக்கும் ஒரு வரி எழுது, பேரு வேணாம்.

திருத்தின மூணாவது அத்தியாயத்த வேர்டுல அனுப்பு, பிடிஎஃப் என் போன்ல சரியா தெரியல.

அக்கா