கிரானைட்டா, குவார்ட்ஸா: சமையல் மேடைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் எங்கள் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். மேடை 36 சதுர அடி. கறுப்பு கிரானைட் என்றால் கூலியுடன் 24,000 ரூபாய். அந்தப் பணம் கையில் இருக்கிறது. மனைவி விரும்பும் வெள்ளை குவார்ட்ஸுக்கு 70,000 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது, மீதி 46,000 ரூபாயைத் தனிநபர் கடனாக வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக் கடன் என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 1,572 ரூபாய் வரும். வட்டியாக மட்டும் ஏறத்தாழ 10,600 ரூபாய் போய்விடும். அதாவது 70,000 ரூபாய் மேடை உங்களுக்கு 80,600 ரூபாய்க்கு வந்து நிற்கும். நாளை வீட்டை விற்க நேர்ந்தால், மனையின் இருப்பிடத்தையும் கட்டடத்தின் பரப்பையும் பார்த்து விலை பேசுபவர்கள், மேடைக் கல்லுக்காகத் தனியே கூட்டித் தரமாட்டார்கள்.

உங்கள் மனைவியின் விருப்பத்திலும் நியாயம் இருக்கிறது. குவார்ட்ஸ் பலகை முழுவதும் நிறம் ஒரே சீராக இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது, சீலர் என்ற கறைத்தடுப்புப் பூச்சு பூச வேண்டியதில்லை. ஆனால் அது சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் துகளை ரெசின் என்ற செயற்கைப் பிசினால் இறுக்கிச் செய்த பலகை. அந்தப் பிசின் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது. தாளித்த இரும்புக் கடாயை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே மேடையில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். குவார்ட்ஸில் அப்படி வைத்தால் வட்டமாக ஒரு பழுப்புத் தடம் விழும், சில சமயம் விரிசலும் விடும். சூட்டினால் வரும் சேதத்தைப் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதில்லை. கிரானைட் இந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது.

கிரானைட்டிலும் ஏமாற இடமுண்டு. வாங்கும் முன் கல்லின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அந்த இடம் கருத்துத் தெரிந்தால் கல் உறிஞ்சுகிறது என்று பொருள், சீலர் பூசிக்கொள்ள வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் நனைத்த வெள்ளைத் துணியால் கறுப்புக் கல்லைத் துடைக்கும்போது துணியில் கறுப்பு ஒட்டினால் அது சாயமேற்றிய கல். விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடுவதும் தவறு. ஓரப் பாலிஷ், சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டும் கூலி, ஸ்லாபில் வீணாகும் பகுதி, ஏற்றி இறக்கும் செலவு, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை இரண்டு கல்லுக்கும் எழுத்தில் வாங்குங்கள். 24,000 என்று சொன்னது அங்கேதான் வளரும்.

பணக் கணக்கில் சேராத, ஆனால் நான் சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. குவார்ட்ஸ் பலகையை உலர்வாக வெட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூள் தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும். இந்தக் காரணத்துக்காகவே ஆஸ்திரேலியா இவ்வகைப் பலகைகளை 2024 ஜூலை 1 முதல் தடை செய்தது. மேடையைப் பயன்படுத்தும் உங்களுக்கு இதில் ஆபத்தில்லை. எந்தக் கல்லானாலும் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு வெட்டி வரச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவிக்கு வெள்ளை நிறம்தான் வேண்டும் என்றால், அடுப்பு இருக்கும் மேடைக்குக் கிரானைட்டைப் போட்டுவிட்டு, காய் நறுக்கவும் பாத்திரம் வைக்கவும் உள்ள பக்க மேடைக்கு மட்டும் கடைக் கிடங்கில் மிஞ்சிக் கிடக்கும் குவார்ட்ஸ் துண்டைக் கேட்டுப் பாருங்கள். முழு ஸ்லாபின் விலைக்கு அதை விற்க மாட்டார்கள். அளவு எடுத்துக்கொண்டு நேரில் போனால் பேரம் பேசவும் இடமிருக்கும்.