பழைய கார்ல சன் வைசர் (கண்ணுல வெயில் படாம மறைக்கிற மடக்கு தட்டு) மேல நிக்காம கீழ தொங்குது, புதுசு வாங்காம சரி பண்ண முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனா முதல்ல எங்க லூஸ்னு பாருங்க. வைசரை ஆட்டும்போது கூரையில இருக்கிற பிராக்கெட்டும் சேர்ந்து ஆடுச்சுன்னா அது வெறும் ஸ்க்ரூ பிரச்சனைதான், ஸ்க்ரூவை மறைச்சிருக்கிற மூடியை நெம்பி எடுத்துட்டு டைட் பண்ணா போதும், அஞ்சு நிமிஷ வேலை.

பிராக்கெட் கெட்டியா இருந்தும் வைசர் மட்டும் விழுதுன்னா உள்ள இருக்கிற கிளிப் தளர்ந்துடுச்சுன்னு அர்த்தம். வைசருக்குள்ள ஒரு கம்பி போகுது இல்லையா, அதை ஒரு ஸ்பிரிங் கிளிப் இறுக்கிப் பிடிச்சிருக்கும், நிறைய வண்டில கம்பியோட ஒரு பக்கம் தட்டையா இருக்கும், கிளிப் அந்த தட்டைல உக்காரும்போதுதான் வைசர் மேல லாக் ஆகும். வருஷக்கணக்கா வெயில்லயும் சூட்லயும் கிடந்து அந்த பிடிப்பு போயிடும்.

வைசரை கழட்டி கம்பி பக்கத்து ஓரத்துல தையலையோ ஒட்டுனதையோ கொஞ்சமா பிரிச்சு, கிளிப் மேல ஒரு சின்ன ஹோஸ் கிளாம்ப் (ரப்பர் குழாயை இறுக்குற ஸ்க்ரூ வச்ச வளையம்) போட்டு இறுக்குங்க. ரொம்ப முறுக்காதீங்க, பிளாஸ்டிக் கிளிப்னா படக்குனு உடைஞ்சிடும், நான் ஒண்ணு அப்படி காலி பண்ணிருக்கேன். அப்புறம் துணிக்கான பசை வச்சு ஒட்டிடுங்க. கண்ணாடில லைட் இருக்கிற வைசர்னா பேட்டரி கனெக்‌ஷனை எடுத்துட்டு, ஒயரை இழுக்காம கழட்டுங்க.

வெல்க்ரோ ஒட்டலாம்னு சொல்வாங்க, நிக்கும், ஆனா பாதி இறக்கி வைக்க முடியாது, அப்புறம் வைசர் எதுக்கு?