படம் பார்த்தாச்சு, மங்கா எங்கிருந்து வாங்குவது?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் 'டீமன் ஸ்லேயர்' அனிமேயை (ஜப்பானிய கார்ட்டூன் தொடர்) ஒன்றுவிடாமல் பார்த்தவள். 2025 செப்டம்பரில் தியேட்டருக்கு வந்த 'இன்ஃபினிட்டி காசில்' படத்தையும் தமிழ் டப்பிங்கில் பார்த்தோம். அடுத்த படம் வரும்வரை பொறுக்க மாட்டாளாம், அதன் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) வேண்டும் என்று அடம். ஆன்லைனில் 23 வால்யூம் செட் ஒன்று அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். முதலில், உங்கள் மகளுக்கு 23 வால்யூமும் தேவையே இல்லை. டிவியில் வந்த தொடரும் 'முகேன் டிரெயின்' படமும் சேர்ந்து 16-வது வால்யூம் வரை கதையைச் சொல்லிவிட்டன. நீங்கள் பார்த்த படம் அகாஸா என்ற அரக்கனுடனான சண்டையோடு 18-ல் வந்து நிற்கிறது. கோயோஹாரு கோடோகே வரைந்த கதையை யூஃபோடேபிள் ஸ்டுடியோ பெரிதாக மாற்றுவதில்லை, அதனால் முந்தையதைப் படிக்காவிட்டாலும் ஒன்றும் விட்டுப்போகாது. 18 முதல் 23 வரை ஆறே புத்தகம். அதையும் ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. திரையில் பளபளத்த அந்த நீர் வாள்வீச்சு புத்தகத்தில் வெறும் கறுப்பு மைக்கோடுதான். சில பிள்ளைகள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். ஷுயேஷா நிறுவனத்தின் 'மங்கா பிளஸ்' ஆப்பில் ஆரம்ப அத்தியாயங்களை இலவசமாகக் காட்டிப் பாருங்கள். பிடித்தால் பணத்தை எடுக்கலாம்.

அந்த மலிவு செட் பெரும்பாலும் திருட்டு அச்சாகத்தான் இருக்கும். ஆங்கிலப் பதிப்பு விஸ் மீடியாவுடையது. அசலில் சாம்பல் நிறம் தெரியும் இடத்தை உற்றுப் பார்த்தால் பொடிப்பொடிப் புள்ளிகள் தனித்தனியாக நிற்கும். போலியில் அவை அப்பிக்கொண்டு கரித்திட்டாகிவிடும், நடு மடிப்புப் பக்கம் வசனம் பாதி வெட்டுப்பட்டிருக்கும். விற்பவரின் பெயர், முகவரியைத் தளத்தில் காட்டியாக வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதி. அது இல்லாத கடைப்பக்கம் போகாதீர்கள். போலி வந்து, பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

புத்தகம் பின்னட்டையிலிருந்து தொடங்குகிறதே, பைண்டிங் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மங்கா வலமிருந்து இடமாகத்தான் ஓடும்!

கேள்வி: 'டெத் நோட்' மங்கா ஒரே குண்டுப் புத்தகமாகவும் வருகிறது, தனித்தனியாகவும் வருகிறது. எதை வாங்க?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: அந்தக் குண்டுப் புத்தகம் சுமார் 2,400 பக்கம். அலமாரிக்கு அழகு, படுத்துக்கொண்டு படித்தால் மணிக்கட்டு போய்விடும். 12 வால்யூமை இரண்டிரண்டாகச் சேர்த்து ஆறு புத்தகமாக வரும் 'பிளாக் எடிஷன்' என் தேர்வு. சாதா வால்யூமைவிட அளவும் சற்றுப் பெரிது. ஓவியர் தகேஷி ஒபாடாவின் நுணுக்கமான படங்களுக்கு அது தேவை. 37 எபிசோட் அனிமேயைப் பார்த்திருந்தாலும் வாங்கலாம், 'எல்' என்ற துப்பறிவாளனுக்குப் பிந்தைய பகுதியை அதில் ரொம்பவே சுருக்கிவிட்டார்கள். கதையை சியாட்டிலுக்குக் கொண்டுபோன 2017 நெட்ஃபிளிக்ஸ் படத்தைப் பார்த்து இதை எடை போட்டுவிடாதீர்கள்.