காலண்டர் ஆணி

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. புவியியலில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உலகம் முழுக்க கூகுள் மேப்பில் கிடக்கிறது. இனி புவியியலாளருக்கு என்ன வேலை?
- ஒரு தகப்பன், சேரன்மகாதேவி

பதில்: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் இதே பாடம் நடத்தியவன் நான். கடலோரத்தில் ஒழுங்காக நீலம் தீட்டினாலே மார்க் போட்டுவிடுவோம். உங்கள் சந்தேகத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மேகம் மூடியிருக்கும்போது சாதாரண செயற்கைக்கோள் படத்தில் ஒன்றும் தெரியாது. ஐரோப்பியர்களின் சென்டினல்-1 என்ற செயற்கைக்கோள் ரேடார் அலையை அனுப்பும். அது மேகத்தைத் துளைத்துவிடும். தேங்கிய தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தெறிக்க விடுவதால் படத்தில் கறுப்பாக விழும். படங்கள் எல்லாருக்கும் இலவசம். ஆனால் இலை அடர்ந்த தோப்புக்குள் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் அதில் சிக்காது. ஏரல் பக்கம் வாழைத்தோப்புக்குப் பஞ்சமா?

அங்கேதான் ஆள் தேவை. வெள்ளம் வடிந்த பிறகு என் பழைய மாணவன் ஒருவனோடு ஆற்றோரக் கிராமத்துக்குப் போனேன். ஓர் ஆச்சி சுவரைக் காட்டி, "காலண்டர் மாட்டுன ஆணி வரைக்கும் வந்துச்சுய்யா" என்றார். அவன் டேப் பிடித்து அளந்தான், ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டான். இப்படி ஊர் ஊராக ஆணிகளைச் சேர்த்து, தரையின் உயரம், குளம், அது நிறைந்தால் வழிந்தோடும் மறுகால் ஓடை, புது ரோடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், தண்ணீரை மறித்தது எது என்று பிடித்துவிடலாம். ஜிஐஎஸ் என்பது இதுதான்.

படத்தைப் பார்த்து நெல்லையும் வாழையையும் பிரிக்க இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. சரி, அதற்கும் முதலில் ஒருவர் வயலில் இறங்கி எது எது என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமே! 2021-ல் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியதால், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதிக்கு அலையாமல் நிலத்தை அளந்து வரைபடம் போடலாம்.

சேர்ப்பதற்கு முன் கல்லூரியில் இரண்டே விஷயம் கேளுங்கள்: ஜிஐஎஸ் லேப் ஓடுகிறதா, பிள்ளைகளைக் களத்துக்குக் கூட்டிப்போகிறார்களா? அப்புறம், கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. லீவு முடிவதற்குள் உங்கள் ஊர்க் குளத்தையும் அதன் மறுகாலையும் மகளை வரையச் சொல்லுங்கள். மடை எங்கே இருக்கிறது என்று அவள் உங்களைத்தான் கேட்பாள்.