பிள்ளைக்காம்பராவுக்குப் புல்லுக்கூரை போடலாமா?

இலங்கை மலையகத்தில் புல், மண், மூங்கில் கொண்டு பொதுக்கட்டிடம் கட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூரை வேலையில் இருப்பவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு, அதுதான் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு, தகரத்தை எடுத்துவிட்டு மானாப்புல் என்ற உயரமான மலைப்புல்லை வேயலாமா? ஒழுகாதா? (ஹப்புத்தளை)

வேயலாம் தம்பி. ஆனால் தகரத்துக்குப் போட்ட கைமரத்தின் மேலேயே புல்லைப் பரப்பிவிடாதீர்கள். சரிவு 45 பாகைக்குக் குறையவே கூடாது. மழைத்தண்ணீர் ஒரு புல்தாளிலிருந்து அடுத்த புல்தாளுக்கு வழிந்து இறங்க வேண்டும். சரிவு படுத்தால் தண்ணீர் உள்ளே நின்று புல் மக்கும். பெருமழை விட்டதும் இறவாரத்துக்குள் கையைச் செருகிப் பாருங்கள். மேல்புல் ஈரமாகவும் உள்ளே விரல் நுனிபடும் இடம் காய்ந்தும் இருந்தால் வேய்ந்தவர் கைகாரர். முதலில் கெடுவது முகடுதான், அதை அடிக்கடி பாருங்கள்.

எப்போது அறுப்பது? (பண்டாரவளை)

ஊவாப் பக்கம் ஆடி, ஆவணி வறட்சியில், பத்தனை என்ற மலைப் புல்வெளிக்கு யாரும் தீ வைப்பதற்கு முன்னால். ஹட்டன் பக்கம் என்றால் தை, மாசி.

அந்தக் காலத்துக் கூரை மாதிரி இப்போது நிற்பதில்லையே, ஏன்? (வெலிமடை)

புகை இல்லை, அதனால்தான். பழைய குசினிக் கூரை ஒன்றைப் பிரித்தபோது உள்புல் கரிப்பிடித்துக் கறுப்பாக இருந்தது, ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது. விறகடுப்புப் புகை அதைக் காயவைத்துப் பூச்சியும் அண்டாமல் காத்திருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அடுப்பு வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. சமையலைத் தள்ளித் தகரக்கூரையில் வையுங்கள், வயரை எல்லாம் குழாய்க்குள் விடுங்கள், வெளியேற இரண்டு வாசல் வையுங்கள். புகைக்குப் பதில் காற்று வேண்டும். சீலிங் அடிக்காமல், சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மூங்கிலையும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் வண்டு துளைக்காது.

லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனம், "மறுபடியும் குடிசையா?" என்று கேட்கிறார்களே ஐயா? (தலவாக்கலை)

அந்தக் கேள்வி நியாயமானது. காலம் முழுக்க அடுத்தவர் கட்டிக்கொடுத்த காம்பராவில் இருந்தவர்களிடம் புல்லைத் திணிக்கக் கூடாது. கண்டியில் பிறந்த கட்டிடக் கலைஞர் மினெட் டி சில்வா, 1950களின் இறுதியில் வட்டப்புளுவ வீட்டுத்திட்டத்தை வரையும்போது, குடியேறப் போகிறவர்களிடம் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டே வரைந்தார். நீங்களும் கேளுங்கள். வேண்டாம் என்றால் கூரைக்கு ஓடு போட்டுவிட்டு, சுவரை மட்டும் மண்கல்லில் எழுப்புங்கள். நல்ல மண்ணுக்கு 5 முதல் 8 சதவீதம் சீமெந்து கலந்து அழுத்தினால் போதும்.

மண்சரிவுக்கு இந்தக் கட்டிடம் தாங்குமா? (கொஸ்லாந்தை)

தாங்காது தங்கச்சி. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மலை இறங்கினால் புல்லும் கொங்கிறீட்டும் ஒன்றுதான். புல்லுக்கூரைக்குத் தண்ணீர் பிடிக்கும் பீலி கிடையாது, இறவாரத் தண்ணீர் நேரே நிலத்தில் விழும். அதைக் கல் அடுக்கிய வாய்க்காலில் பிடித்துப் பெரிய வடிகானுக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் நாமே சரிவை ஊறவைத்த மாதிரி. எல்லாவற்றுக்கும் முதலில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இடத்தைக் காட்டி அறிக்கை வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை ஒரு கட்டுப் புல்லும் அறுக்க வேண்டாம்.