ஆன்டிஆக்சிடன்ட் கேப்ஸ்யூல் சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி கூடுமா? நெல்லி, மஞ்சள், முருங்கைக்கீரை போதாதா?

கேள்வி கேட்டவர், அம்மாவுக்கு 62 வயது, அடிக்கடி சளி பிடிக்கிறது, மெடிக்கல் ஷாப்பில் ‘தாவர ஆன்டிஆக்சிடன்ட்’ என்று ஒரு டப்பாவைக் கொடுக்கிறார்கள், வாங்கலாமா என்கிறார். வாங்க வேண்டாம். நெல்லியும் கீரையும் போதும். ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். விளம்பரங்கள் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும்: உடம்புக்குள் ஃப்ரீ ராடிக்கல் என்று சில வில்லன்கள் திரிகிறார்கள், ஆன்டிஆக்சிடன்ட் வந்து அவர்களை ஒழித்துக்கட்டும், எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. அந்த வில்லன்களில் ஒரு பகுதியை நம் எதிர்ப்பு சக்தியே வேண்டுமென்று தயாரிக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு ஒரு கிருமியை விழுங்கியதும் சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று வரிசையாக உற்பத்தி செய்கிறது. கடைசியில் வருவது ஹைப்போகுளோரஸ் அமிலம். ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிருமியைக் கொல்வதும் இதுதான். இந்த வேலைக்கான நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் இருக்கிறார்கள். நம்மை ஒன்றும் செய்யாத சாதாரணப் பூஞ்சைகூட அவர்கள் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் எதற்கு? பட்டாசு வெடிப்பவர் தன் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டாமா, அதற்குத்தான். ரத்தத்தில் இருப்பதைப்போல 50 முதல் 100 மடங்கு வைட்டமின் சி-யை வெள்ளை அணுக்கள் தங்களுக்குள் சேர்த்து வைத்திருக்கின்றன. நோய்த்தொற்று வந்தால் அது வேகமாகச் செலவாகும். ஆகவே பற்றாக்குறை வந்தால் பாதிப்பு நிச்சயம். ஆனால் அணு நிரம்பிய பிறகு மேலே ஊற்றுவது பெரும்பாலும் சிறுநீரில்தான் போகிறது.

இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் 1970-இல், சளிக்கு வைட்டமின் சி-யை கிராம் கணக்கில் சாப்பிடச் சொன்னார். அதன்பின் நடந்த பரிசோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். தினமும் மாத்திரை போட்டாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்கு 8 சதவீதம், குழந்தைகளுக்கு 14 சதவீதம் குறைந்தது. ஒரு வாரச் சளியில் பெரியவர்களுக்கு அரை நாள் லாபம், அவ்வளவுதான். அதுவும் சளி வருமுன்பே தினமும் சாப்பிட்டு வந்தவர்களுக்கு. மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் ராணுவத்தினர் போன்றோருக்கு மட்டும் நல்ல பலன் தெரிந்தது.

மாத்திரையால் கெடுதலே வந்ததும் உண்டு. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட், பரங்கிக்காய், கீரையில் இருக்கும் அதே பொருள்தான். காயாகச் சாப்பிட்டு யாருக்கும் இப்படி ஆனதில்லை.

சரி, சமையலறைக்கு வருவோம். வைட்டமின் சி அளக்க எங்கள் ஆய்வகத்தில் ஒரு நீலச் சாயம் வைத்திருக்கிறோம். சாறில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டால், வைட்டமின் சி இருக்கும்வரை நிறம் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். தீர்ந்ததும் வெளிர் ரோஜா நிறம் நின்றுவிடும். நெல்லிக்காய்ச் சாறில் அப்படியே செய்தால் ப்யூரெட்டில் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயில்) சாயம் தீர்ந்துபோகும், ரோஜா நிறம் வராது. நன்றாக நீர்த்துக்கொண்டுதான் அளக்க வேண்டும். மாணவர்கள் அதிகம் வியப்பது கீரை வேகவைத்த தண்ணீரைச் சோதிக்கும்போது. வடித்துக் கொட்டும் அந்தத் தண்ணீரிலும் சாயத்தின் நிறம் போகும். கீரையை அளவான தண்ணீரில் வேகவைத்துத் தண்ணீரோடு கடைந்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியல்படி 100 கிராம் நெல்லிக்காயில் சுமார் 250 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. கொய்யாவில் 200-க்கு மேல். உங்கள் அம்மாவுக்கு ஒரு நாளைக்குத் தேவை 65. ஒரு பெரிய நெல்லியோ பாதிக் கொய்யாவோ போதும். தேன் நெல்லி என்று கடையில் விற்பது பெரும்பாலும் சர்க்கரைப்பாகில் ஊறியது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மஞ்சள் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை. மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் மஞ்சள்தூளில் ஏறக்குறைய 3 சதவீதம்தான், அதிலும் குடல் உறிஞ்சுவது மிகக் குறைவு. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் பல மடங்கு ஏறும் என்று பெங்களூரு ஆய்வு ஒன்று 1998-இல் காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு குர்குமினையும் பைப்பரினையும் சேர்த்து கேப்ஸ்யூல் விற்கிறார்கள். அப்படிச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ரசத்தில் போடும் மஞ்சளையும் மிளகையும் பற்றிக் கவலை வேண்டாம், அளவு ரொம்பச் சின்னது.

அப்புறம், கீரையிலுள்ள கரோட்டின் உடம்பில் சேர எண்ணெய் வேண்டும்; முருங்கைக்கீரைக்குத் தேங்காயும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் இருக்கட்டும். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதே இரும்பு வீணாகும். தேயிலையின் பாலிஃபீனால்தான் அதைத் தடுக்கிறது, அதுவும் ஆன்டிஆக்சிடன்ட் வகைதான்!

62 வயதில் சளி, காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் சர்க்கரை, ஹீமோகுளோபின் இரண்டையும் பாருங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் வெள்ளை அணுக்களின் வேலையே மந்தமாகிவிடும், எத்தனை நெல்லி தின்றாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை ஆகாது, அதில் ஒரு பகுதி கல் உருவாகக் காரணமான ஆக்சலேட்டாக மாறும். கீமோ, ரேடியேஷன் எடுப்பவர்கள் எந்த ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.