பால் காய்ச்சிய வீடு

அன்புள்ள அம்மா,

ஊர் தேவகோட்டை, வேலை சென்னையில். என்னோடு வேலை பார்க்கும் தோழி மூன்று வருடமாக ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறாள். இருவருமே கல்யாணம் ஆகாதவர்கள். வாடகை வீட்டில் பால் காய்ச்சியபோது நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். ஒரு வருடமாக அவளுக்கு அடி. ஸ்டேஷனுக்குப் போனாள். "தாலியே இல்லை, எந்த செக்‌ஷன்ல எழுதுறது?" என்று அனுப்பிவிட்டார்கள். வாடகை ஒப்பந்தம் தன் பெயரில் இருப்பதால் வெளியே போ என்கிறார் அவர். இவளுக்குச் சட்டத்தில் இடம் உண்டா? தெரிந்தேதானே போனாள் என்றும் தோன்றுகிறது. நம் பண்பாட்டை விட்டதால் வந்த வினையோ?

ச., சென்னை

அன்புள்ள ச.,

பண்பாட்டுக் கேள்வியை மடித்து உங்களிடமே தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டிய வீடுகளில் விழும் அடிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? "தெரிந்தேதானே போனாள்" என்கிறீர்களே, அடிப்பான் என்று தெரிந்தா போனாள்? படித்த பிள்ளை இப்படி எழுதலாமா?

சட்டத்தில் இடம் உண்டு. 2005-இல் வந்து 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கும் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் மனைவியை மட்டும் சொல்லவில்லை. 'திருமணத்தின் தன்மை கொண்ட உறவு' என்று இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஸ்டேஷன்காரர்கள் மனதில் இருந்தது மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பிரிவாக இருக்கும்: பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, அதன் இடத்தில் வந்த இன்றைய நியாய சன்ஹிதாவின் 85. அது கணவனுக்கும் அவன் சொந்தக்காரர்களுக்கும் மட்டும்தான். ஆனால் அடித்துக் காயப்படுத்தியதற்குத் தாலி கேட்காத பிரிவுகள் இருக்கின்றன. ஒப்பந்தம் யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உரிமை தருகிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கட்டும், அல்லது நேரே மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கட்டும். வக்கீல் வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே பெண்களிடம் வருமானம் கேட்க மாட்டார்கள். அவசரத்துக்கு 181. சரி, இது முடிந்தது.

எனக்குள் முடியாதது வேறொன்று. 2010-இல் வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில், எது திருமணத்தின் தன்மை கொண்ட உறவு என்று உச்ச நீதிமன்றம் நான்கு அடையாளங்களைச் சொன்னது. (அதே தீர்ப்பில் 'கீப்', அதாவது வைப்பாட்டி, என்றொரு சொல்லும் வந்தது. அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே எதிர்ப்புச் சொன்னார்.) கல்யாண வயது, கல்யாணம் செய்துகொள்ளத் தடையில்லாத நிலை, தாமாகவே கணிசமான காலம் சேர்ந்திருந்தது ஆகியவை மூன்று. உங்கள் தோழி இவற்றைத் தாண்டிவிடுவாள். மிச்சமிருப்பதுதான் தீர்ப்பில் முதலாவது: கணவன் மனைவி போல ஊருக்குத் தெரிய வாழ்ந்திருக்க வேண்டும். ஊருக்குத் தெரிந்தால் போதுமா? ஊர் வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா?

எங்கள் பக்கம் எழுதாமல் எதுவும் நடக்காது. நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துக்கு இசைவு பிடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுவார்கள். சீருக்கு முறைச்சிட்டை, அதில் வெள்ளி விளக்கும் உண்டு, கரண்டியும் உண்டு. கல்யாணம் ஆனால் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகப் பதிவு. இந்தக் கணக்கு எதிலும் வராத பெண் ஒருவர், எனக்குப் பத்து வயதில், காரைக்குடியில் எங்கள் தெருக்கோடி வீட்டில் இருந்தார். வியாபாரி ஒருவர் அவரைக் கூட்டிவந்து வைத்திருந்தார். எங்கள் வீட்டில் உறைமோர் தீர்ந்தால் அப்பத்தா என்னைத்தான் அங்கே அனுப்புவார். கிண்ணத்தை வாங்கும்போது அந்த அம்மாவின் முழங்கையில் கன்றிப்போன தடம் தெரியும். ராத்திரி சத்தம் கேட்டால் அப்பத்தா எழுந்துபோய் முகப்பு ஜன்னலைச் சாத்துவார். "அது அவுக வீட்டுச் சமாச்சாரம்."

அந்த மனுஷர் திடீரென்று இறந்துபோனார். அவருடைய ஆட்கள் பூட்டோடு வந்தார்கள். "இவ யாரு?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டார்கள். பதினைந்து வருடம் அந்த வீட்டுக் கந்தரப்பம் தின்ற தெரு. என் அப்பத்தாவும் வாசலில்தான் நின்றார். "யாரோ, தெரியலை" என்றார். அந்த அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தூக்குவாளியோடு ரயிலடிப் பக்கம் நடந்து போனார். அன்று ராத்திரி நாங்கள் சாப்பிட்டது அவர் கொடுத்த உறையில் தோய்ந்த தயிர். என்னை வளர்த்தவர் அப்பத்தா. அவரைக் குறை சொல்லி எழுத இத்தனை வருடம் ஆயிற்று எனக்கு.

அந்த மனுஷருக்கு வேறு ஊரில் மனைவி இருந்தார். ஆகவே இன்றைய கோர்ட்டிலும் அந்த அம்மா தேறுவது கஷ்டம். மனைவி இருப்பது தெரிந்தே சேர்ந்து வாழ்ந்தவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று 2013-இல் இந்திரா சர்மா வழக்கில் சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்ட பெண்களுக்கு நாடாளுமன்றம் வழி செய்ய வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதற்கு இன்னொரு நாள் கோபப்படுகிறேன்.

உங்கள் தோழிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவளுக்கு வேண்டியது தெரு. அதாவது நீங்கள்தான், தம்பி. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் சாப்பிட்டீர்கள்? வீட்டு ஓனர் அவளை யாரென்று நினைத்தார்? பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள்? நினைவில் இருப்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். கூப்பிட்டால் கோர்ட்டில் வந்து சொல்வேன் என்று அவளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பால் காய்ச்சிய அன்று எடுத்த போட்டோ யாராவது ஒருவர் போனில் இருக்கும். தேடுங்கள்.